மாப்பிள்ளை கியூப்

பிப்ரவரி 5, புதன்

தேசத்தின் கட்டுமானத் துறைக்கு அடுத்த பத்தாண்டு எப்படி இருக்கும் என்று நான்கு பக்கத்தில் நான் சொல்ல வேண்டுமாம். முதலாளி தெய்வசிகாமணியின் உத்தரவு. கட்டுநர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். சங்கத்துக்கென்று ஈரோட்டில் புது மண்டபம் கட்டுகிறோம். மார்ச் ஒன்பதாம் தேதி அதில் மாநாடு. டெல்லியிலிருந்து ஒரு நிபுணர் வருகிறார், மலர் வெளியிடுகிறார்கள். மலரில் தலைவர் பெயரில் ஒரு கட்டுரை வேண்டும். அதை எழுத இந்தச் சென்னியப்பன், அதாவது நான், இருக்கிறேன்.

நான் எழுத்தாளன் இல்லை. கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு இன்ஜினியர். கொட்டுகிற காங்கிரீட்டில் கொஞ்சம் எடுத்து அச்சில் சதுரக் கட்டியாக வார்த்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, மெஷினில் நசுக்கி, எந்த எண்ணில் உடைந்தது என்று பதிவேட்டில் எழுதுவது என் வேலை. அந்தக் கட்டிக்குக் கியூப் என்று பெயர். ஏழாம் நாள் பதினாறு வர வேண்டும், இருபத்தெட்டாம் நாள் இருபத்தைந்து. வந்தால் காங்கிரீட் பாஸ்.

பழைய மலர்களை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் துறை "புதிய உயரங்களைத் தொடவிருக்கிறது". பன்னிரண்டு வருடமாகத் தொடவிருக்கிறது. சதவீதத்தை மட்டும் மாற்றி எட்டு என்று எழுதிக் கொண்டுபோனேன். முதலாளி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"எட்டு வேண்டாமுங்க இன்ஜினியரே. எட்டு சனியோட நம்பருங்க. ஒம்போதுன்னு போட்டுருங்க."

போட்டேன். தேசம் ஒரு சதவீதம் கூடுதலாக வளர்ந்தது. மார்ச்சோடு எனக்கு அறுபது முடிகிறது. "இன்னும் ரெண்டு வருசம் இருங்க, உங்கள உட்டா எனக்கு யாருங்க" என்றார். நல்ல மனுஷன்தான், அவர் சொன்னபடி கேட்கிற வரைக்கும்.

பிப்ரவரி 7, வெள்ளி

மண்டபத்தின் கூரைக்கு இன்று காங்கிரீட். நடுவில் ஒரு தூண்கூட இல்லாத மண்டபம் என்று அழைப்பிதழில் அச்சடித்தாகிவிட்டது. அறுபதடி அகலத்தைக் குறுக்கே போகிற உத்தரங்கள்தான் தாங்க வேண்டும். காங்கிரீட் இறுகுகிற வரை அடியில் இரும்பு முட்டுகள் நிற்கும்.

முதல் லாரி பத்தேகாலுக்கு வந்தது. பத்தரைக்கு ராகு காலம். "கா மணி நேரத்துல என்னத்தங்க கொட்டறது, பன்னண்டுக்கு மேல பாத்துக்கலாம்" என்றார் முதலாளி. நான்கு லாரிகள் வரிசையாக நின்று டிரம்மைச் சுற்றிக்கொண்டிருந்தன. காங்கிரீட்டுக்குப் பஞ்சாங்கம் தெரியாது. கலந்த நேரத்திலிருந்து அது இறுக ஆரம்பித்துவிடும். பன்னிரண்டும் ஆனது. முதல் கூடையைக் கொட்ட வேண்டிய சங்கத்துப் போஷகர் வரவில்லை. அவர் பல்லடத்தில் ஒரு சீமந்தத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு மணிக்கு வந்து, சந்தனம் வைத்த கூடையைக் கவிழ்த்து, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

அதற்குள் வெயிலில் காங்கிரீட் களியாகிவிட்டது. குழாயில் ஏறவில்லை. யாரோ டேங்கர் தண்ணீரை டிரம்முக்குள் திறந்துவிட்டார்கள். தண்ணீர் ஊற்றினால் சுலபமாக ஓடும், பலம் போய்விடும். இதைப் படிக்க இன்ஜினியரிங் கல்லூரி தேவையில்லை. தோசை மாவு கரைக்கிறவளுக்குத் தெரியும்.

"தண்ணி ஊத்தக் கூடாதுங்க" என்று சொன்னேன். ஒரு தடவை சொன்னேன். சொன்னதாகப் பிறகு சொல்லிக்கொள்ள ஒரு தடவை போதும்.

பிப்ரவரி 8, சனி

கூரையில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார்கள். எனக்கு நெஞ்செரிச்சல்.

பிப்ரவரி 10, திங்கள்

மருதாள் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று கூப்பிட்டாள். பதினாலு வருடமாக எனக்குக் கியூப் போடுகிறவள் அவள்தான். பெயர் என்னவோ சித்தாள் என்றுதான், கொத்தனார்களில் பாதிப்பேரைவிட காங்கிரீட்டைத் தெரிந்தவள்.

இங்கே ஒரு வழக்கத்தை எழுதியாக வேண்டும். சோதனைக்குப் போகிற கியூப்பை யாரும் லாரிக் காங்கிரீட்டில் போடுவதில்லை. தனியாக ஒரு சட்டியில், சிமெண்டை இன்னொரு மடங்கு அள்ளிப் போட்டு, பதமாகக் கலந்து வார்ப்போம். அதற்கு மாப்பிள்ளை கியூப் என்று பெயர். பெண் வீட்டார் பார்க்க வரும்போது குளித்து, பவுடர் போட்டு உட்கார்ந்திருக்குமே, அது. ஊரெல்லாம் இப்படித்தான். கட்டடம் ஒன்று, கியூப் வேறு ஒன்று.

"மாப்பிள்ள கியூப் ஆறுங்க சார். அந்தக் கடேசீல இருக்கறது லாரீல புடிச்சது, அது ஒரு ஆறுங்க."

"அதை யாரு போடச் சொன்னா?"

"சும்மாதானுங்க. அச்சு காலியாக் கெடந்துச்சு."

தூக்கி எறியச் சொன்னேன். சரிங்க என்றாள். எறியவில்லை. படிக்காத ஜனங்களிடம் இதுதான் தொல்லை, ஆகட்டும் என்று சொல்லிவிட்டுத் தன் இஷ்டத்துக்குச் செய்யும்.

பிப்ரவரி 14, வெள்ளி

ஏழாம் நாள். மாப்பிள்ளை கியூப்பை நசுக்கினேன். பத்தொன்பது. பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மெஷின் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று லாரிக் கியூப் ஒன்றையும் வைத்துப் பார்த்தேன். பொழுதுபோக்குக்குத்தான். முள் ஏறவே இல்லை. பொரி உருண்டையை அழுத்துகிற மாதிரி உதிர்ந்தது. எட்டு.

இன்னொன்றை வைத்தேன். எட்டு. மெஷினில் கோளாறு இருக்கலாம். மருதாள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "எத்தனைங்க சார்?" என்று கேட்டாள். அவளுக்கு எதற்கு அது. போய்ச் சாப்பிடு என்றேன்.

பிப்ரவரி 17, திங்கள்

கட்டுரை முடிந்தது. "துறையின் அடித்தளம் உறுதியாக உள்ளது. கூரை வானமே" என்று ஒரு வரி. எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது. முதலாளி அதைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்தத் துறைக்கு எதிர்காலம் பற்றிக் கவலையே வேண்டாம், கண்ணீர் விட இப்படி ஆள் இருக்கிறது.

முட்டுகளை இருபத்தெட்டாம் தேதி எடுக்கச் சொன்னார். மருதாளும் அவளோடு வருகிற எட்டுப் பேரும் அந்த வேலையைச் செய்வார்கள். தரை போட வேண்டும், வெள்ளையடிக்க வேண்டும், முட்டுகள் நின்றால் முடியாது. நான் எழுத்தில் சம்மதம் கொடுத்தால் போதும். மண்டபத்துக்கு மாநகராட்சி ஒப்புதலும் அந்தப் பதிவேட்டைக் காட்டித்தான் வாங்க வேண்டும்.

பெருந்துறை ரோடு விவகாரத்தைப் பற்றி இந்த நோட்டில் எழுதப்போவதில்லை.

பிப்ரவரி 19, புதன்

நெஞ்செரிச்சல். மோர் மட்டும்.

பிப்ரவரி 24, திங்கள்

மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது மருதாள் வந்து நின்றாள்.

"வெள்ளிக்கெழம முட்டு எடுக்கறதுங்களா சார்?"

"முதலாளி சொன்னாரில்ல."

"அவுரு சொன்னாருங்க. நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா எடுத்தர்றனுங்க." சும்மாட்டுத் துணியை உதறித் தோளில் போட்டாள். "எங்கூட்டுக்காரரும் நீங்க சொல்லித்தானுங்க எடுத்தாரு."

கோபமாகச் சொல்லவில்லை. கடையில் விலை கேட்கிற குரலில் சொன்னாள். அதுதான் திமிர். டிபன் பாக்ஸை மூடி வைத்தேன்.

சரி, எழுதிவிடுகிறேன். பதினோரு வருடத்துக்கு முன்னால் பெருந்துறை ரோட்டில் ஒரு மூன்று மாடிக் கட்டடம். அவள் புருஷன் ரங்கன் முட்டுகளை எடுத்தபோது கூரை வந்து விழுந்தது. மற்றவர்கள் ஓடிவிட்டார்கள், அவன் ஓடவில்லை. தொழிலாளி முட்டுகளைத் தவறான வரிசையில் எடுத்ததே காரணம் என்று அறிக்கையில் இருக்கிறது. நன்றாக எழுதப்பட்ட அறிக்கை. இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை.

அந்தக் கட்டடத்தின் கியூப் எண் எனக்கு ஞாபகம் இல்லை.

பிப்ரவரி 26, புதன்

முதலாளியிடம் போனேன். காங்கிரீட் பலம் இல்லை என்று சொல்லத்தான் போனேன். வாயைத் திறந்தேன்.

"மறுபடி காங்கிரீட் பஞ்சாயத்துங்களா? பத்தொம்போது வந்துருக்குதுன்னு நீங்கதானுங்க எழுதியிருக்கறீங்க" என்றார்.

நான்தான் எழுதியிருக்கிறேன். அதற்குமேல் என்ன பேச. நாக்கு தானாக வேறு பக்கம் திரும்பியது. எங்கள் ஊர் ஜோசியரைப் பார்த்ததாகவும், திறப்பு விழாவுக்கு முன்னால் புது மண்டபத்தில் முட்டு எடுத்தால் எஜமானுக்கு ஆகாது என்று அவர் சொன்னதாகவும் சொன்னேன். எங்கள் ஊரில் ஜோசியரே கிடையாது.

முதலாளி முகம் வெளிறிவிட்டது. "ஏனுங்க இத மொதல்லயே சொல்லக்கூடாதுங்களா" என்று போனை எடுத்தார். ஒரு நிமிடத்தில் முட்டு வேலை நின்றது. முப்பத்தாறு வருடப் பொறியியல் சாதிக்காததை இல்லாத ஒரு ஜோசியர் சாதித்துவிட்டார். ராகு காலத்தைப் பார்த்துச் சிரித்தவன் நான்.

மார்ச் 3, திங்கள்

தூணில்லாத மண்டபத்தில் இரும்பு முட்டுகள் காடு மாதிரி நிற்கின்றன. மாநாட்டுக்கு ஆறு நாள். முதலாளிக்கு ஒரு யோசனை உதித்தது. ஒவ்வொரு முட்டுக்கும் மஞ்சள் சாட்டின் துணி சுற்றி, மேலே வாழைப்பூ மாதிரி தெர்மாகோல் வைத்துத் தூணாக்கிவிடுவது. எண்ணிப் பார்த்தார்கள். நூற்று நான்கு இருந்தது. இன்னும் நான்கு முட்டுகளைக் கொண்டுவந்து நிறுத்தி நூற்றெட்டு ஆக்கினார்கள். இந்தக் கட்டடத்தின் பலத்துக்காக இதுவரை யாரும் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

அழைப்பிதழில் "தூணில்லாத" என்ற இடத்தில் "நூற்றெட்டுத் தூண்" என்று ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள்.

மார்ச் 7, வெள்ளி

இருபத்தெட்டாம் நாள். மாப்பிள்ளை இருபத்தொன்பது. எழுதினேன்.

லாரிக் கியூப் பன்னிரண்டு. எழுதவில்லை. மருதாள் இன்று எண் கேட்கவில்லை. உதிர்ந்ததைக் கூட்டி அள்ளினாள். தொட்டியில் மிச்சமிருந்த மூன்றை ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். நான் தடுக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

மாநாடு. ஆயிரம் பேர். தூணுக்கும் தூணுக்கும் நடுவே நாற்காலி போட்டதில் முன்வரிசை தவிர யாருக்கும் மேடை தெரியவில்லை. எல்லோரும் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு தேசத்தின் எதிர்காலத்தைக் கேட்டார்கள். டெல்லி நிபுணர் தூண்களைப் பார்த்து, நமது கோயில் மரபையும் நவீனத் தொழில்நுட்பத்தையும் இணைத்திருக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் பாராட்டினார். மொழிபெயர்த்ததும் கைதட்டல். முதலாளி என் கட்டுரையைப் படித்தார். "அடித்தளம் உறுதியாக உள்ளது" என்ற இடத்தில் பக்கத்திலிருந்த தூணைத் தட்டிக் காட்டினார். இரும்பு ணங் என்றது. அதற்கும் கைதட்டினார்கள்.

இதையெல்லாம் நான் வாசலுக்கு வெளியே, கூரை முடிகிற இடத்துக்கு இரண்டடி தள்ளி நின்று ஸ்பீக்கரில் கேட்டேன். மருதாள் அங்கே செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள போவலீங்களா சார்?"

"காத்தாட நிக்கறேன்."

"நானுந்தானுங்க."

மார்ச் 10, திங்கள்

"விழா முடிஞ்சுது, தோசமும் முடிஞ்சுது. புதங்கெழம முட்டு எல்லாத்தையும் எடுத்தர்லாமுங்க" என்றார் முதலாளி. பங்குனி முதல் வாரத்திலேயே கல்யாணத்துக்கு மண்டபம் கேட்கிறார்களாம். எனக்கு இரண்டு வருட நீட்டிப்பு உத்தரவு டைப் செய்து மேஜைமேல் இருந்தது. பக்கத்தில் முட்டு எடுக்கச் சம்மதக் கடிதம், கையெழுத்து மட்டும் பாக்கி.

இன்னொரு ஜோசியர் எனக்குக் கிடைக்கவில்லை. பன்னிரண்டு என்று சொன்னேன். மாப்பிள்ளை கியூப், லாரிக் கியூப், எட்டு, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் அதிர்ச்சியடையவில்லை. அதுதான் எனக்கு அதிர்ச்சி. "ஊரு பூராவும் அப்புடித்தானுங்க நிக்குது. இது மட்டும் உளுந்துருமாக்கும்?" என்றார். பிறகு நீட்டிப்பு உத்தரவை மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். "நீங்க போடலீன்னா கையெழுத்துப் போட வேற ஆளு இல்லீங்களா? ஊட்டுல ரெஸ்ட் எடுங்க." உண்மைதான், இந்தத் துறையில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் அதற்குப் பஞ்சம் வராது.

மாலை சூளைக்கு அப்பால் மருதாள் வீட்டைத் தேடிப் போனேன். புதன்கிழமை போகாதே என்று சொல்லத்தான். பதினாலு வருடத்தில் அங்கே போனதில்லை. ரங்கன் சாவுக்குக்கூட முதலாளி கொடுத்தனுப்பிய மாலையை டிரைவரிடம் கொடுத்துவிட்டு வந்தவன்.

ஒற்றை அறை வீடு. வாசலைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குச் சின்னச் சுவர் ஒன்று இருந்தது. உட்காரப் போனவன் உட்காரவில்லை. அந்தச் சுவர் முழுக்கக் கியூப். ஒவ்வொன்றிலும் ஈரத்தில் ஆணியால் கீறிய தேதியும் ஊரும். பவானி. சென்னிமலை. திண்டல். கோபி. எல்லாம் என் சைட்டுகள். கடந்த பதினோரு வருடத்தில் நான் பாஸ் போட்ட கட்டடங்கள் ஒன்றுவிடாமல் வரிசையாக அடுக்கியிருந்தன. கோழி ஒன்று அவற்றின்மேல் நடந்துகொண்டிருந்தது.

"லாரீல புடிச்சதுங்க" என்றாள் மருதாள்.

வாசல் மூலையில், துணி துவைக்கிற கல்லுக்கு அடியில் தாங்கலாக வைத்திருந்த கியூப்பில் பெருந்துறை ரோடு என்று இருந்தது.

"அந்தக் கூரை போட்ட அன்னிக்கு மிச்சக் காங்கிரீட்டு கெடந்துச்சுங்க. தொவைக்கற கல்லுக்கு ஆகுமேன்னு அச்சுல போட்டு வெச்சேன். அவுருதான் தூக்கியாந்தாரு. அதுக்கப்பறந்தான் ஒவ்வொரு சைட்டுலயும் போட ஆரம்பிச்சனுங்க."

"எதுக்கு?"

"எப்பவாச்சும் நீங்க கேப்பீங்கன்னுதானுங்க."

சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"மருதாளு, ரங்கன் தப்பா எடுக்கல. அவன் சரியாத்தான் எடுத்தான். அப்படி எழுதுனது நான்."

"தெரியுமுங்க. அவுரு எடுக்கறப்ப நான் பக்கத்துல செங்கல் சொமந்துட்டு இருந்தேன். வரிசையாத்தான் எடுத்தாரு." கோழியைச் சூ என்று விரட்டினாள். "ஆனா அது உங்க வாயில இருந்து வரோணும்னு இருந்தனுங்க. ஒரு வாட்டியாச்சும்."

அவள் அழவில்லை. நான் அழுதேன் என்று எழுதுவதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

நானும் மருதாளும் கியூப்புகளை டெம்போவில் ஏற்றிக்கொண்டு அரசுப் பரிசோதனைக்கூடத்துக்குப் போனோம். மண்டபத்துக் கியூப் மூன்று, பெருந்துறை ரோட்டுக் கியூப் ஒன்று. என் மெஷினில் நசுக்கி நான் எழுதினால் யார் நம்புவார்கள்? நானே நம்பமாட்டேன்.

அங்கிருந்த எழுத்தர் மூக்கை நோண்டிக்கொண்டே விண்ணப்பத்தை நீட்டினார். கியூப் வார்த்தவர் பெயர் என்ற இடத்தில் மருதாள் என்று எழுதினேன். படிப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. மூன்றாம் வகுப்பு என்றாள். எழுத்தர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். முத்திரை குத்திக் கொடுத்தார்.

மண்டபம் மூன்றும் பன்னிரண்டு, பன்னிரண்டு, பதிமூன்று. அறிக்கையோடு ஒரு கடிதமும் எழுதி, பதிவேட்டிலிருந்த பத்தொன்பதும் இருபத்தொன்பதும் பொய் என்று கையெழுத்துப் போட்டு, மாநகராட்சியில் நேரில் கொடுத்து ரசீது வாங்கினேன். வாங்கியவர், "இன்ஜினியர் நீங்களே உங்க மேல புகார் குடுக்கறீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். இரண்டாம் தடவையும் ஆமாம் என்றேன்.

மார்ச் 12, புதன்

வேலை போய்விட்டது. காலையிலிருந்து முதலாளி போனில் பேசிய வார்த்தைகளை எழுதினால் இந்த நோட்டு நாறும். மருதாளும் அவள் ஆட்களும் போகவில்லை. வேறு ஆட்களைக் கூட்டி வந்தார்களாம். பத்து மணிக்கு மாநகராட்சி ஜீப் வந்து வாசலைப் பூட்டிச் சீல் வைத்துவிட்டது. சாட்டின் துணியோடு நூற்றெட்டும் உள்ளே நிற்கின்றன. பெருந்துறை ரோட்டு அறிக்கையைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் போலீஸுக்கு எழுதிவைத்திருக்கிறேன். மாலை மருதாளைக் கூட்டிக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். எனக்கு என்ன ஆகும் என்று வக்கீல் ஒருவரைக் கேட்டேன், அவர் தண்ணீர் குடிக்கச் சொன்னார்.

ஒன்று நேற்றே எழுதியிருக்க வேண்டும், கை வரவில்லை. அந்த நாலாவது, பெருந்துறை ரோட்டுக் கியூப் பதினோரு வருடம் வெயிலிலும் மழையிலும் துவைக்கிற தண்ணீரிலும் கிடந்து இறுகியது. இறுகியும் பதினொன்றில் உடைந்தது. மருதாள் பக்கத்தில் நின்று முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எண் ஞாபகம் இல்லை என்று முன்பு எழுதியது பொய். ரங்கன் முட்டு எடுக்கப் போவதற்கு முதல் நாள், பதிவேட்டில் என் கையால் எழுதியது இருபத்தேழு.